மூலைக்கு வராத நட்டுகள்

“ஐயோ! போச்சு, எல்லாம் போச்சு!”

மகள் ஜெரோமி அலறியதும், வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்த மரியநாயகி உள்ளே ஓடினாள். மலைதான் சரிந்துவிட்டதென்று நினைத்தாள். பார்த்தால், மேசைமேலிருந்த தகரத் தட்டிலிருந்து நட்டுகள் சிதறித் தரையெல்லாம் கிடந்தன.

“பாவி மகளே, உசிரே போயிருச்சு எனக்கு! லயத்து வீடுகள்ல ஒரு சனம் இல்ல. மண்ணு எறங்கும்னு கிராம சேவகர் ரெண்டு தரம் வந்து சொல்லிட்டாரு. எல்லாரும் மேல கோயிலுக்குப் போயிட்டாங்க. வா!”

“ஒரே ஒரு தடவம்மா. நாளைக்கு காலேஜ்ல சேர் முன்னால போட்டுக் காட்டணும். தட்டு அதிர்ற அதிர்வுலயே நட்டெல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளிய தெரியுற பள்ளத்துப் பக்க மூலைக்குத் தானா வரணும். வந்தாத்தான் ரோபோ கை எடுக்கும். இல்லன்னா நான் பெயில்.”

“பெயிலாகவும் உசிரு வேணும்ல?”

ஜெரோமி காதில் வாங்கவில்லை. நட்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். அடியிலிருந்த திருகாணியை இறுக்கினாள். மோட்டாரைப் போட்டால் தட்டு வண்டுபோல் இரையும். நட்டுகள் மட்டும் மூலையைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். ஒரு வாரமாக இதே கூத்துதான்.

மரியநாயகி ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குடையைத் தேடி மேசைக்குப் பின்னால் குனிந்தவள், வெறுங்கையோடு நிமிர்ந்தாள்.

ஜெரோமி சுவிட்சைத் தட்டினாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டிய இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு நட்டும் அசையவில்லை.

“பாத்தியா? மிசினே செத்துப்போச்சு. இப்பவாச்சும் வா, புள்ள.”

அழுகை முட்ட ஜெரோமி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை சட்டென்று ஓய்ந்தது.

அப்போது ஒரு நட்டு லேசாக நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே, ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளத்துப் பக்க மூலையை நோக்கி வரிசையாக ஊர்ந்தன.

“அம்மா! இங்க பாரும்மா, போகுது! சத்தங்கூட இல்ல! திருகாணிய இறுக்கினது சரியாப்போச்சு!”

மரியநாயகியின் முகம் வெளுத்தது. மகளின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

“ஒயர நான் அப்பவே புடுங்கிட்டேன், புள்ள!”