மூக்கு வரைக்கும்

திரையில் அவள் வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

வர வேண்டிய சத்தம் இங்கே, டப்பிங் தியேட்டரில், மைக்கின் முன்னால் நிற்கும் அவளிடம் இருந்தது. இருக்கிறதா என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும்.

படப்பிடிப்பு முடிந்த மறு மாதமே தொண்டையில் கத்தி வைத்தார்கள். கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று.

"பேச்சு வந்துடும்மா. ஆனா பழைய மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

பழைய மாதிரி என்றால், அந்தக் கீச்சு.

முப்பத்தோரு வருடமாக அவளுடைய சோறு அது. முதன்முதலில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்தபோது வசனமே கிடையாது. கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கத்த வேண்டும், அவ்வளவுதான். கத்தினாள். கேமராமேன் கையிலிருந்த டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் வசனம். பிறகு சினிமா. ஹாஸ்டல் வார்டன், நர்ஸ், அத்தை, மாமியார், மறுபடியும் அத்தை. எந்த வேடமானாலும் ஓர் இடத்தில் கத்தியாக வேண்டும்.

ரேஷன் கடை வரிசையில்கூடக் கேட்பார்கள். "ஒரே ஒரு தடவ கத்துங்கக்கா."

கத்துவாள். வரிசை மொத்தமும் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு மாதம் ஆயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டைரக்டர் இளம்பரிதி. சவுண்ட் இன்ஜினியர் ஆல்பர்ட். மூன்றாவது ஆள் பெமினா. அடுத்தவர் குரலில் அப்படியே பேசுகிறவள். ஒரு வாரமாக வீட்டில் இவளுடைய கீச்சைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கூப்பிட்டாங்கக்கா, வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்று காலையிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோபம் இல்லை. பயம்தான்.

காட்சி இதுதான். வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கும் அத்தையாக அவள். அத்தையின் முகம் போட்ட போஸ்டரை ஓர் ஆடு சுவரிலிருந்து உரித்துத் தின்கிறது. அத்தை ஓடி வந்து கத்துகிறாள்.

முதல் தடவை வெறும் காற்று வந்தது.

இரண்டாம் தடவை இருமல்.

ஹெட்போனில் இளம்பரிதியின் குரல் மெதுவாகக் கேட்டது. "லீலாம்மா, சிரமப்படாதீங்க. பெமினா இருக்காங்க. பாத்துக்கலாம்."

"இன்னும் ஒரு தடவ தம்பி. வரலன்னா நானே வெளிய வந்துடறேன்."

திரையில் மறுபடியும் ஆடு. மறுபடியும் போஸ்டர். திறந்த வாய்.

அவள் கத்தவில்லை.

கத்த முடியாத ஒருத்தி ஆட்டிடம் எப்படிப் பேசுவாளோ, அப்படிப் பேசினாள். அடித்தொண்டையிலிருந்து, துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல ஒரு குரல் வந்தது.

"அடேய்… மூக்கு வரைக்கும் தின்னுட்டியேடா…"

திரையில் அத்தை கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். குரலோ ஆட்டிடம் ரகசியம் பேசியது. ஆடு மென்றது. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். இனி முதுகுதான். உதடு தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

"சரி… மிச்சத்தையும் தின்னுடு. உப்பு போதுமா?"

காட்சி முடிந்தது.

ஹெட்போனில் சத்தமே இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள். ஆல்பர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெமினா துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். இளம்பரிதியின் நாற்காலியில் ஆளே இல்லை.

அழுகிறார்கள். பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

பிறகுதான் ஆல்பர்ட்டின் தோள் குலுங்குவது தெரிந்தது. மேசைக்கு அடியிலிருந்து இளம்பரிதியின் கை மட்டும் மேலே வந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழப் பார்த்தது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"லீலாம்மா," கடைசியில் ஆல்பர்ட்தான் பேசினார். "அதே மாதிரி இன்னொரு தடவ."

"ஏன், நல்லா இல்லியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ரெக்கார்டு போடலம்மா. வரும்னு நெனைக்கல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் விழித்தாள். "எப்படிப் பேசுனேன்னே தெரியலயே தம்பி. தன்னால வந்துச்சு."



பெமினா குனிந்து மைக் பொத்தானை அழுத்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"அடேய்… மூக்கு வரைக்கும் தின்னுட்டியேடா…"

அதே துரு. அதே பள்ளம். நடுவில் மூச்சு அறுந்து ஒட்டிக்கொள்ளும் இடம்கூடத் தப்பவில்லை.

யார் இந்தப் பொம்பளை என்று லீலாவுக்கு ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்பிடித்தாங்கக்கா பண்ணீங்க" என்றாள் பெமினா, தன் குரலில்.

ஆல்பர்ட் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார். "போட்டுடலாமாம்மா?"

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க தம்பி. பெமினா, நீ இன்னொரு தடவ சொல்லு. கேட்டுக்கறேன்."