துடிப்பு அடங்கும்வரை

அருள்மேரியின் மூன்றாம் பருவ மதிப்பெண், தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தின் கணினியில் காணாமல் போயிருந்தது. அது கிடைத்தால்தான் ஆசிரியர் வேலைக்கான நேர்காணல். மாணவர் சேவை மையத்தில் ஓர் இயந்திரக் குரல் மட்டுமே உண்டு. புகார் செய்தவரின் நாடித்துடிப்பை அவரது கைக்கடிகாரம் அதற்குச் சொல்லும். துடிப்பு அடங்கினால் குறை தீர்ந்தது என்று புகாரை மூடிவிடும். அவள் கண்ணயர்ந்தபோது ஒருமுறையும், ஜெபத்தில் இருந்தபோது ஒருமுறையும் அப்படி மூடிவிட்டது.

இம்முறை அவள் உட்காரவே இல்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். கணவன் சேவியர், அழும் கைக்குழந்தையோடு வந்தான்.

"உன்னயத்தான் தேடுதா. பிள்ளயக் கொஞ்சம் வாங்கேன்."

"வேண்டாங்க. அவளத் தூக்குனா எனக்கு மனசு ஆறிரும். மூடிருவாங்க."

"மேல தொட்டுப் பாரு, மேரி."

தொட்டாள். நெருப்பாகச் சுட்டது.

மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போது கடிகாரத்தில் மையத்தின் குரல் பேசியது. "உங்கள் மதிப்பெண் கிடைத்துவிட்டது." அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து அதே குரல், "துடிப்பு அடங்கவில்லையே. இன்னும் என்ன குறை?" என்றது.

"பிள்ளைக்கு உடம்பு சுடுது" என்று அதனிடமே சொல்லி அழுதாள் அருள்மேரி.