முகத்துக்கு ஒரு துண்டு

“வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா அந்த டாக்டரம்மாவுக்கு? புகார்ப் பெட்டியில கடுதாசி போட்டு ஒரு மாசமாச்சு. இன்னா பதிலு?”

தையல் பிரிக்க வந்த இடத்தில் பெஞ்சமின் சத்தம் போட்டார்.

நர்ஸ் சதாசிவம் கத்தரியை ஓரமாக வைத்தார். “அப்படி இன்னா அண்ணாத்த எழுதினீங்க?”

“நடந்ததைத்தான். நீயும்தான் கூட இருந்தியே!”

நடந்தது இதுதான். மறைமலைநகர் கம்பெனியில் பெட்டி தூக்கித் தூக்கி பெஞ்சமினுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றுக்குக் கீழே, சொல்லக் கூசுகிற இடத்தில் வீக்கம். இரண்டு தடவை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றார். உள்ளே லேடி டாக்டர் என்றதும் இரண்டு தடவையும் சொந்த ஊர் கருங்குழிக்கே பஸ் ஏறிவிட்டார்.

மூன்றாம் தடவை வலி விடவில்லை. அன்றைக்கும் ஆண் டாக்டர்கள் எல்லாரும் ஆபரேஷன் தியேட்டரில். மாஸ்க் போட்ட ஒரு பெண்தான் வந்தாள். பெஞ்சமின் கைலியைத் தளர்த்திவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கை பட்டது. அவளிடமிருந்து பேச்சு வரவில்லை. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சதாசிவம்தான் படித்துச் சொன்னார். “இருமச் சொல்றாங்க.”

இருமினார்.

“இன்னொரு தபா.”

அந்த ஆத்திரம் பெஞ்சமினுக்கு இன்னும் அடங்கவில்லை. “மாடு புடிக்கிற தரகன்கூட வாய்விட்டு ரெண்டு வார்த்த பேசுவான். என்னை மனுசனாவே மதிக்கல. எங்க எதிர்வூட்டு ஜாய்ஸும்தான் டாக்டருக்குப் படிச்சிட்டு எங்கியோ சேர்ந்துகீது. சர்ச்சுல அது வேதம் வாசிச்சா தேன் மாரி இருக்கும். அதுகிட்ட வந்து கத்துக்கணும் இவங்கல்லாம்!”

சதாசிவம் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க கடுதாசியால பெரிய டாக்டர் அந்தப் பொண்ணை அரை மணி நேரம் நிக்க வெச்சுக் கேட்டாரு. ‘தப்பு என்னுதுதான் சார்’னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல.”

“சொல்றதுக்கு இன்னா கீது?”

சதாசிவம் மேஜை டிராயரிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். “யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னுச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல.”

பெஞ்சமின் பிரித்தார். கடைசியில் ‘இருமச் சொல்லுங்க’, ‘இன்னொரு தடவை’. அதற்கு மேலே, பொடி எழுத்தில்:

“அண்ணா, இவர் எங்க எதிர்வீட்டு மாமா. நான் இங்கே சேர்ந்தது அவருக்குத் தெரியாது. என் குரலைக் கேட்டால் எழுந்து போய்விடுவார், அப்புறம் வரவே மாட்டார். நான் எழுதித் தருகிறேன், நீங்களே சொல்லிவிடுங்கள். – ஜாய்ஸ்.”

பெஞ்சமின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.