இரண்டாவது திரை

நூற்பாலை அலுவலகத்தில் இரண்டு கணினிகள் எதிரெதிரே இருக்கின்றன. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. வள்ளிமயில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் புகாரை அனுப்பி முடிக்கிறாள். அதே நொடியில் எதிர்க் கணினியில், மின்விசிறி ஓடவில்லை என்று எழுதி அனுப்புகிறார் சூப்பர்வைசர் சுடலைக்கண்ணு. ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்பதற்குக் கீழே அவர் எழுதியது வரவில்லை, அவள் எழுதியது வருகிறது. பெயரோடு வருகிறது. “ராத்திரி ஷிப்டில் சூப்பர்வைசர் என் தோளில் கை வைக்கிறார்” என்று அவர் வாய்விட்டு வாசிக்கிறார். “ஏட்டி, கம்ப்யூட்டருகிட்ட கோள் சொல்லுதியோ? ஷிப்டுக்கு வா, பேசுவோம்.” செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகிறது.

“மேனேஜரைத் தவிர யாரும் பாக்க முடியாதுக்கா” என்று காலையில் அவளை உட்காரவைத்தவன், மூலையில் மடிக்கணினியோடு இருக்கும் ஹரிகிருஷ்ணன். புகார்களை வாங்கும் ஜாவா நிரல் அவன் எழுதியது. தனியாக ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பும்போது என்ன ஆகும் என்று அவன் பார்க்கவே இல்லை. எழுதியதைப் பிடித்துவைக்கும் மாறி ஆளுக்கொன்றாக இருக்கவேண்டும்; அதை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறான். ஒரே ஒரு வரி. குனிந்த தலை நிமிராமல் அதை இடம் மாற்றுகிறான், சர்வரை மறுபடி ஓடவிடுகிறான், இரண்டு கணினியிலும் அனுப்பிப் பார்க்கிறான். அவரவர் எழுதியது அவரவருக்கு வருகிறது.

“சரியாயிட்டுக்கா.” அவன் காது மடல் சுடுகிறது.

“அப்போ அவரு வாசிச்சது, தம்பி?”

ஷிப்டுச் சங்கு ஊதுகிறது. வள்ளிமயில் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுகிறாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறான்.