ஏழாவது கையெழுத்து

"அந்தாளைக் கூப்பிடுங்க சார்" என்று மேடம் சொன்னதுமே தலைமை எழுத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த ஆளை மேடம்?"

"ஒலிபெருக்கியைத்தான். வேட்புமனுவுல ஏழாவதா முன்மொழிஞ்சவர் கையெழுத்துப் போடல. மணி இப்ப ரெண்டு இருபது. மூணுக்குள்ள வாங்கிட்டு வரச் சொல்லணும்."

அது அவருக்குக் காலையிலேயே தெரியும். பத்துக் கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருந்தது. நாளைக்குப் பரிசீலனையில் மனு தானாகத் தள்ளுபடியாகும், தலைவலி விட்டது என்று வாயை மூடிக்கொண்டு மதியம் திருப்தியாகச் சாப்பிட்டும் விட்டார். முப்பத்தொரு வருட சர்வீசில் அப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை.

ஒலிபெருக்கி என்பது அந்த வேட்பாளருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். இரண்டு தலைமுறைக்கு முன் ஆற்றைத் தாண்டி வந்து குடியேறியவர்களை 'அக்கரைக்காரன்' என்று தெருத்தெருவாகத் திட்டுவதுதான் அவன் அரசியல். அவர்களுக்கு ஓட்டு கூடாது, கடை கூடாது, வீடும் கூடாது. போன மாதம் அவன் பேசிவிட்டுப் போன மறுநாளே இரண்டு கடைகளில் கண்ணாடி உடைந்தது.

"அவனே கோட்டை விட்டிருக்கான் மேடம். நாம பார்க்காத மாதிரி இருந்துட்டா போச்சு."

"பார்த்தாச்சே சார்." மேடம் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைப் பேனாவால் காட்டினாள். "குறை கண்ணுல பட்டா, கெடு முடியறதுக்குள்ள வேட்பாளர்கிட்ட சொல்லணும்னு போட்டிருக்கு. நல்ல வேட்பாளர்கிட்ட மட்டும்னு போடல."

தேர்தல் அதிகாரியாக அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சர்வீஸ் அளவுக்குத்தான் வயசிருக்கும். ஆனால் பிடிவாதம் மட்டும் பத்துப் பேருக்குக் காணும். போன வாரம் லீவில் இருந்தவள், ஒரு கோப்பில் தேதி தப்பு என்று மூன்றாம் குறுக்குத் தெரு பதினான்காம் எண்ணில் இருக்கும் தன் வீடு வரைக்கும் அவரை வரவழைத்து, மொட்டை வெயிலில் வாசலில் வைத்தே திருத்த வைத்தாள். அவள் அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திராவிட்டால் அங்கேயே விழுந்திருப்பார்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போய் அவனைக் கூட்டி வந்தார்.

அவன் உட்காரவில்லை. "என்னம்மா, தள்ளுபடி பண்ணப் போறீங்களா? தாராளமாப் பண்ணுங்க. எங்களைப் பார்த்துப் பயந்துட்டாங்கன்னு ஊர் பூரா மேடை போட்டுப் பேசிக்கிறேன். வெளியில நூறு பேர் அதுக்குத்தான் நிக்கறாங்க."

"ஏழாவது ஆள் கையெழுத்துப் போடல. கூட்டிட்டு வந்து போடச் சொல்லுங்க. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

அவன் முழித்தான். தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போனவன் முழிக்கிற முழி அது.

"இதுல ஏதாவது சூது இருக்கா?"

"இல்ல. பேனா வேணுமா?"

அவன் முறைத்தான். போகிற போக்கில் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து மேஜைமேல் எறிந்தான். "படிச்சுப் பாருங்க. ஜெயிச்சா எங்க முதல் வேலை இதுதான்."

மேடம் அதை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நிதானமாகப் படித்தாள். பிறகு மடித்துக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தாள்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரரை இழுத்துக்கொண்டு அவன் வந்தான். தையல்காரர் மூச்சு வாங்கக் கையெழுத்துப் போட்டார். மேடம் ரசீது கொடுத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். வெளியே விசில் சத்தம் காதைப் பிளந்தது.

தலைமை எழுத்தரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சந்தோஷமா மேடம்? கடை உடைச்சவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து தேர்தல்ல நிறுத்தியாச்சு. நீங்க பயந்துட்டீங்களா, இல்ல உள்ளுக்குள்ள நீங்களும் அவன் கட்சியான்னே எனக்குப் புரியல."

மேடம் முத்திரையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. "உங்களுக்கென்ன, விதியைப் படிச்சுக் காட்டிட்டு அடுத்த ஊருக்கு மாத்தலாகிப் போயிடுவீங்க. அடி வாங்கப் போறது அந்த ஜனங்க. உங்க வீட்டு வாசல்ல ஒருநாள் நின்னு அவன் கத்தினாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்கும்."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. அவள் கோபப்படவில்லை.

"மனு வேலை முடிஞ்சுது சார். அடுத்த கோப்பு எடுங்க. போலீசுக்கு ஒரு புகார் எழுதணும்."

"யார் மேல?"

"அவர் மேலதான். ஜனங்களை மிரட்டி நோட்டீஸ் அடிக்கறது குற்றம். இன்னைக்கே போயாகணும்."

"இப்பத்தானே மேடம் அவன் மனுவை வாங்கினீங்க?"

"அது வேற கோப்பு, இது வேற கோப்பு. ஓட்டு கேட்க அவருக்கு உரிமை இருக்கு, மிரட்ட இல்ல. நோட்டீசை இணைப்பாச் சேர்த்துடுங்க. விலாசமெல்லாம் கடிதத்துல வரணும், ஒண்ணுகூடத் தப்பாகக் கூடாது."

இதற்கும் விலாசமா என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடிக் குண்டை நகர்த்தி நோட்டீசைப் பிரித்தார். முன்பக்கம் அவன் படம். பின்பக்கம், 'முதலில் காலி செய்யவேண்டிய அக்கரைக்காரர் வீடுகள்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பட்டியல்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைப் படித்தார்.

மூன்றாம் குறுக்குத் தெரு, கதவு எண் பதினான்கு.