கழுத்துப் பொருத்து

பட்டமேறிய சில நாட்களிலேயே தம் சிலை தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்டு, புது மன்னர் தம்பியோடு சிற்பக்கூடத்துக்கு வந்தார். சிலையின் கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதை விரலால் தடவினார்.

“இது என்ன?”

“பொருத்துங்க, மகாராஜா. உடம்பு பழசுதான். ராஜா மாறினா தலையை மட்டும் மாத்திடுவோம்,” என்றார் சிற்பி.

பழைய தலை எங்கே என்று மன்னர் கேட்கவில்லை. வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அதன் மூக்கில் இடறித்தான் அவர் உள்ளே வந்திருந்தார்.

“என் தலையை எவனும் கழட்டக் கூடாது. ஈயத்தை உருக்கி ஊத்து.”

சிற்பி தலையாட்டினார். மன்னர் வெளியேறினார். பின்தங்கிய தம்பி அந்தக் கழுத்துப் பொருத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஊத்தின ஈயத்தை மறுபடி உருக்க ரொம்ப நேரம் ஆகுமா?”