பின்னால் வந்த பெட்டி

பெட்டி வந்துவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கே குன்னூரை மூடுபனி மூடியிருந்தது. டீ ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற டாக்சியிலிருந்து மஃப்ளர் சுற்றிய ஒருவர் இறங்கி, பழுப்புப் பெட்டியைத் திட்டில் வைத்தார். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து வருகிறாராம்.

மருதாம்பாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கைப்பிடியில் அவள் கட்டிவிட்ட பழைய புடவைக் கிழிசல், அதே மூன்று முடிச்சோடு அப்படியே இருந்தது. நூறு பெட்டிக்கு நடுவில் நம்முடையது தெரிய வேண்டாமா என்று, அவர் கேலி செய்யச் செய்யக் கட்டியது.

அவர் என்றால் அவள் புருஷன் லிங்கசாமி. ஃபேக்டரியில் டீ மேக்கர், தூளை ருசித்தே பக்குவம் சொல்கிறவர்.

பசுந்தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி முயற்சியாக முதலாளி அவரைத்தான் சாம்பிள் டப்பாக்களோடு ஜெர்மனிக்கு அனுப்பினார். இந்த மலையில் லிங்கசாமியின் நாக்குக்கு மேல் வேறு நாக்கு கிடையாது.

வியாழக்கிழமை காலையில் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஆர்டர் கெடச்சிருச்சு அம்மிணி. காயிதம் பெட்டியில இருக்குது. பெட்டிதான் வல்லே."

அந்தக் காகிதம் இல்லாமல் முதலாளி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வாசலைத் தாண்டவில்லை.

கேட்டால் ஒரே கதையைத்தான் சொன்னார். பிராங்பர்ட்டில் பனி. பிளேன் லேட். பதினாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். நெஞ்சு ஒரு மாதிரி அடைத்ததாம். மைக்கில் அவர் பேரைக் கடித்துக் குதறி மூன்று தடவை கூப்பிட்டார்களாம். காதில் விழுந்ததாம், கால்தான் எழவில்லையாம்.

"அப்பறம் எப்படித்தான் வந்தீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். "எப்படியோ ஊடு வந்து சேந்துட்டேனில்ல?"

அலுப்பு என்று நினைத்தாள் பாவம். சோறு வேண்டாம் என்றார். ஓவர்கோட்டைக் கழற்றவில்லை. நாலு நாளாக அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தும் அதன் ஈரம் காயவில்லை.

டீயில்தான் அவளுக்கு முதலில் உறுத்தியது. வீட்டு டீயைக்கூட முதல் வாயைச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, ஜன்னல் வழியே டேலியாச் செடியில் துப்பி, "டிரையர்ல தீய உட்டுட்டானுங்க" என்று வைதுவிட்டுத்தான் மிச்சத்தைக் குடிக்கிற மனுஷன். பாதி டீ அந்தச் செடிக்குத்தான் போகும். இப்போது அந்தச் சத்தமே இல்லை. நேற்று அவள் ஞாபக மறதியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள். மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

ஆர்டர் கவலை, வேறொன்றுமில்லை. பெட்டி வந்தால் மனுஷன் பழையபடி ஆகிவிடுவார். இப்படித்தான் நாலு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டி இதோ வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டபடியே, வந்தவரைச் சண்டைக்கு இழுத்தாள்.

"மனுசரு வந்தே நாலு நாளாச்சு. பெட்டிக்கு இத்தன நாளாங்கண்ணா?"

வந்தவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நீங்க வேற ஆரையோ சொல்றீங்களாட்ட இருக்குதுங்க. இந்தப் பெட்டிக்காரரு பிளேன்ல ஏறவே இல்லீங்களே. ஆள் ஏறலீன்னா அவரு பெட்டியையும் எறக்கிப் போடுவாங்க, அதுதான் அங்க சட்டம். அதனாலதான் பெட்டி தங்கிப்போச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "அவரு எழுதியிருந்த நம்பருக்கு பிளேன் கம்பெனிக்காரங்க நாலஞ்சு நாளா கூப்புடறாங்களாமுங்க. லைனே கெடைக்கலையாம்."

அது ஃபேக்டரி நம்பர். லைனை வெட்டி இரண்டு மாதமாகிறது. எந்தக் காகிதத்திலும் அந்த நம்பரையே எழுதி இருபது வருஷப் பழக்கம் லிங்கசாமிக்கு. பழகின கை எழுதிவிட்டிருக்கிறது.

வந்தவர் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினார். "பெரியவங்க ஆராச்சும் இருந்தா, அவங்கள வெச்சுப் படிங்கக்கா." கும்பிட்டுவிட்டு வேகமாக டாக்சியில் ஏறிக்கொண்டார்.

மருதாம்பாள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே அத்தனையும் இங்கிலீஷ். இந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"ஆரு அம்மிணி? பெட்டி வந்திருச்சா?" அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. அவர் குரலேதான். "காயிதம் ஏதாச்சும் குடுத்தாங்களா? கொண்டா, படிச்சுச் சொல்றேன்."

ஓடிவிடலாமா என்றிருந்தது. நாலு எட்டு வைத்தால் பக்கத்து வீடு. பெட்டிக்குள் இருக்கிற ஆர்டர் காகிதத்தைக் கொடுத்தால் ஃபேக்டரி பிழைத்துக்கொள்ளும். அது அவள் நினைப்பிலேயே இல்லை.

இந்தக் கவரைப் படித்தால், அந்தப் பெஞ்சிலிருந்து தான் எழுந்திருக்கவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தால் போய்விடுவார்.

ஐயோ, அந்தப் பயம்தான் பெரிய பயமாக இருந்தது. கவரை மடித்து இடுப்பில் செருகினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள். "லேட்டானதுக்கு மன்னிப்புக் கேட்டிருக்காங்களாம். அந்தண்ணன் சொல்லிட்டுப் போனாரு."

"அதுக்கென்ன," என்றார் லிங்கசாமி, காலி டம்ளரை நீட்டியபடி. "எப்படியோ வந்து சேந்துட்டேனில்ல?"